சட்ட ஆய்விதழுக்கு மதிப்பாய்வு: எந்த அறிகுறிக்கு எதைப் பார்ப்பது

போன மாதம் ஒரு நாள் பொழுதோட, கோர்ட்டிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும் முன்பே போன் அடித்தது. முன்பு என்னிடம் ஜூனியராக இருந்து, இப்போது கோயம்புத்தூரில் சட்டப் பாடம் நடத்துகிற பெண். ஓர் ஆய்விதழ் முதன்முறையாக அவருக்கு ஒரு கட்டுரையை மதிப்பாய்வுக்கு, அதாவது வெளியிடத் தகுமா என்று படித்துச் சொல்ல, அனுப்பியிருந்தது.

“சார், பதினேழாவது ஃபுட்நோட்டுல இருக்கற கேஸே இல்லீங்க. இட்டுக்கட்டி எழுதியிருக்காங்க. ரிஜெக்ட் போட்டுறட்டுங்களா?”

கட்டுரைத் தலைப்பைச் சொல்ல வந்தார். அது எனக்கு வேண்டாம், கேஸ் பெயரை மட்டும் சொல்லு அம்மணி என்றேன். திருப்பூருக்கு ஆங்கிலத்தில் இரண்டு ‘பி’ போட்டுத் தேடியிருக்கிறார். அந்தச் சாயப்பட்டறை உரிமையாளர் சங்க வழக்கின் பெயரில் ஒரு ‘பி’தான். ஒன்றை எடுத்ததும் 2009-ஆம் ஆண்டு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்து நின்றது.

சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆரம்ப காலத்தில் இதே போன்ற ஒன்றுக்கு, “இப்படியொரு தீர்ப்பே கிடையாது” என்று அறிக்கையில் எழுதி அனுப்பியே விட்டேன். எடிட்டர் ஒரு வார்த்தையும் திட்டாமல் தீர்ப்பின் முதல் பக்கத்தை மட்டும் எனக்குத் திருப்பி அனுப்பினார். அதற்குப் பிறகு எந்தக் கோளாறைக் கண்டாலும் செலவில்லாத காரணத்திலிருந்துதான் தொடங்குகிறேன்.

கீழே இருப்பவை திரும்பத் திரும்ப வருகிற கோளாறுகள். உதாரணக் கட்டுரைகள் எல்லாம் பலவற்றைக் கலந்து, அடையாளத்தை மாற்றிச் சொன்னவை. தமிழில் ‘ஆசிரியர்’ என்றால் எழுதியவரா இதழ் நடத்துபவரா என்று குழப்பம் வரும் என்பதால், இங்கே ‘எழுதியவர்’, ‘எடிட்டர்’ என்றே வைத்துக்கொள்கிறேன்.

எதற்கும் முன்னால்: ஐந்து ஃபுட்நோட்டை உடைத்துப் பாருங்கள்

மஞ்சள் மண்டியில் மாதிரியைக் கையில் எடுத்ததும் வியாபாரி ஒரு விரலியைப் படக்கென்று ஒடித்து உள்நிறத்தைப் பார்ப்பார். மேலே மெருகு எவ்வளவு பளபளத்தாலும் விலை அந்த ஒடிந்த முனையில்தான். கட்டுரைக்கும் அப்படித்தான். நூற்றிருபது ஃபுட்நோட்டையும் சரிபார்க்க யாருக்கும் நேரமில்லை. வாதம் கனமாக நிற்கிற இடத்தில் இரண்டு, முன்னுரையில் ஒன்று, வெளிநாட்டுத் தீர்ப்பு ஒன்று, படித்ததும் ‘அப்படியா?’ என்று தோன்றியது ஒன்று. இந்த ஐந்தையும் மூலத்தில் திறந்து பாருங்கள். அரை மணி நேரம் ஆகும். கட்டுரையை முழுதாகப் படிக்க உட்காரும் முன் இதைச் செய்வது என் வழக்கம்.

அறிகுறி: வழக்கைத் தேடினால் கிடைக்கவில்லை

*எழுத்துப் பிழையா?* நொய்யலுக்கு ஒரு ‘ஒய்’ போடுவோரும் உண்டு, இரண்டு போடுவோரும் உண்டு. நம் ஊர்ப் பெயர்கள் எல்லாம் இந்தக் கதைதான். முழுப் பெயரை அடிக்காமல், அந்த வழக்கில் மட்டுமே இருக்கக்கூடிய ஒரு சொல்லை அடியுங்கள். ‘தமிழ்நாடு அரசு’ என்று தேடினால் ஆயிரக்கணக்கில் வரும். ‘ஆயக்கட்டுதாரர்’ (பாசன நிலக்காரர்) என்று தேடினால் கொஞ்சம்தான் வரும்.

*எண் மாறிவிட்டதா?* எஸ்சிசி என்ற தீர்ப்புத் தொகுப்பில் ஆண்டு அடைப்புக்குறிக்குள் வரும், பிறகு தொகுதி, பிறகு பக்கம். ஏஐஆர் என்ற தொகுப்பில் ஆண்டு, நீதிமன்றம், பக்கம். இரண்டையும் கலந்துவிட்டால் எங்கும் கிடைக்காது. தொகுதியையும் பக்கத்தையும் இடம் மாற்றிப் பாருங்கள், ஆண்டை ஒன்று கூட்டிக் குறைத்துப் பாருங்கள். சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு என்றால் 2023 தொடக்கத்திலிருந்து இ-எஸ்சிஆர் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். அதே ஆண்டிலிருந்து எந்தத் தொகுப்பையும் சாராமல் கோர்ட்டே தரும் நடுநிலை மேற்கோள் எண்ணும் இருக்கிறது. எழுதியவர் அதைப் போட்டிருந்தால் பாதி வேலை மிச்சம்.

*தொகுப்பில் வெளிவராத தீர்ப்பா?* ஐகோர்ட் உத்தரவுகளில் பல எந்தத் தொகுப்பிலும் வராது. அது எழுதியவரின் குற்றமல்ல. “ரிட் மனு எண்ணும் தீர்ப்பு தேதியும் சேர்க்கவும்” என்று ஒரு வரி போதும்.

*வேறொருவரின் ஃபுட்நோட்டை அப்படியே எடுத்ததா?* தவறான பக்க எண்ணை மேற்கோள் குறிக்குள் போட்டு கூகுளில் தேடுங்கள். அதே தவறு இன்னொரு கட்டுரையிலும் இருந்தால் விஷயம் புரிந்துவிடும். மூலத்தைப் படித்துத் திருத்தச் சொல்லுங்கள்.

*கடைசியாகத்தான் இது.* அந்தத் தொகுதியும் பக்கமும் இருக்கின்றன, ஆனால் அங்கே வேறு வழக்கு உட்கார்ந்திருக்கிறது. கட்சிக்காரர் பெயர்கள் நம்பும்படியாக இருக்கின்றன, எந்தத் தேடலிலும் வரவில்லை. இது செயற்கை நுண்ணறிவு இட்டுக்கட்டும் மேற்கோளின் சாயல். 2023-இல் நியூயார்க்கில் ‘மாட்டா எதிர் ஏவியாங்கா’ வழக்கில் வக்கீல்கள் சாட்ஜிபிடி தந்த இல்லாத தீர்ப்புகளைத் தாக்கல் செய்து 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். அந்தச் செய்தி உலகம் முழுக்கச் சுற்றி வந்த பிறகும் கட்டுரைகளில் இது நிற்கவில்லை.

உடைத்துப் பார்த்த ஐந்தில் இரண்டு இப்படி வந்தால் படிப்பதை நிறுத்திவிடுங்கள். இதற்கு மேல் எடிட்டர் வேலை. எந்த ஃபுட்நோட், எங்கெங்கே தேடினீர்கள், அந்தப் பக்கத்தில் உண்மையில் என்ன இருக்கிறது என்று மூன்று விவரத்தை மட்டும் எழுதி அனுப்புங்கள். ‘பொய்’, ‘மோசடி’ என்ற சொற்கள் வேண்டாம். எழுதியவர் யாரென்று ஊகித்து அவருக்கே மெயில் போடும் வேலை வேண்டவே வேண்டாம்.

அறிகுறி: தீர்ப்பு இருக்கிறது, ஆனால் அதில் அப்படிச் சொல்லவில்லை

நான் பார்த்த வரைக்கும் இல்லாத வழக்கைவிட இது பல மடங்கு அதிகம். எழுதியவருக்கே தெரியாமல் நடப்பதும் இதுதான்.

முதலில் மேலும் கீழும் நாலு பத்தி தள்ளிப் பாருங்கள். கோர்ட் நகலில் இருக்கும் பத்தி எண்ணும் தொகுப்பில் இருக்கும் பத்தி எண்ணும் எப்போதும் ஒன்றாக இருக்காது.

அடுத்து, எடுத்த வரி தலைக்குறிப்பிலிருந்து (தொகுப்பில் தீர்ப்புக்கு முன்னால் வரும் சுருக்கம்) வந்ததா என்று பாருங்கள். தலைக்குறிப்பை எழுதுவது தொகுப்பாளர், நீதிபதி அல்ல. மேற்கோள் குறிக்குள் இருக்கும் வாசகம் தீர்ப்பின் உடம்பில் எங்கும் இல்லையென்றால் பெரும்பாலும் அங்கிருந்துதான் வந்திருக்கும்.

மூன்றாவதுதான் அடிக்கடி மாட்டுவது. அந்த வாசகம் தீர்ப்பில் இருக்கும், பத்தி எண்ணும் சரியாக இருக்கும். ஆனால் நாலு பத்தி மேலே போனால் “மூத்த வழக்கறிஞர் வாதிட்டதாவது” என்று தொடங்கியிருக்கும். தோற்ற கட்சியின் வாதத்தை நீதிமன்றத்தின் முடிவாக எடுத்து எழுதியிருப்பார்கள். தேடல் பெட்டி நேராக அந்த வரியில் கொண்டு இறக்கிவிடுவதால் வரும் வினை இது. ஆகவே மேற்கோளைக் கண்டுபிடித்ததும் அந்த வரியோடு நிற்காதீர்கள். அந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது என்று மேலே ஏறிப் பாருங்கள்.

நான்காவது, சிறுபான்மைத் தீர்ப்பு. நெருக்கடி நிலைக் காலத்து ஏடிஎம் ஜபல்பூர் வழக்கில் 1976-இல், காவலில் வைத்ததை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போக முடியாது என்று நாலு நீதிபதிகள் சொன்னார்கள். ஐந்தாமவர் எச்.ஆர். கன்னா ஒருவர்தான் மாறுபட்டார். இன்று எல்லோரும் அவரையே மேற்கோள் காட்டுகிறார்கள், அது நியாயம்தான். ஆனால் “1976-இலேயே சுப்ரீம் கோர்ட் இப்படிச் சொன்னது” என்று எழுதினால் கதையே தலைகீழ். பெரும்பான்மைத் தீர்ப்பை 2017-இல் தனியுரிமை பற்றிய புட்டசாமி வழக்கில்தான் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தூக்கிப் போட்டது.

ஐந்தாவது நம்ம ஊர்ச் சரக்கு. நொய்யல் பற்றி வருகிற கட்டுரைகளில் ‘பூஜ்யக் கழிவு’ உத்தரவை (சாயக்கழிவு நீரைத் துளியும் வெளியே விடக் கூடாது என்பது) முதலில் போட்டது சுப்ரீம் கோர்ட் என்று எழுதுகிறார்கள். 2006 டிசம்பரில் போட்டது சென்னை ஐகோர்ட். அதை 2009-இல் உறுதி செய்தது சுப்ரீம் கோர்ட். சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன 2011 ஜனவரி உத்தரவு மறுபடியும் ஐகோர்ட், அது அவமதிப்பு வழக்கில் வந்தது. ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கி நின்றதைப் பார்த்த ஊர்க்காரருக்கு இந்த வரிசை மறக்காது. வெளியூரிலிருந்து எழுதுபவர் மூன்றையும் ஒன்றாக்கிவிடுவார். கூடவே 1996-இன் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கையும் சாயப்பட்டறைக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். அது தோல் தொழிற்சாலை, பாலாறு.

முடிவுக்கு அவசியமான காரணமா, போகிற போக்கில் சொன்ன கருத்தா என்ற சண்டை வந்தால் மட்டும் கொஞ்சம் அடக்கி வாசியுங்கள். அதில் நீதிபதிகளே ஒத்துப்போவதில்லை. “இது தீர்ப்புக்கு அவசியமான பகுதி என்று எதனால் கொள்கிறீர்கள்?” என்று கேள்வியாக எழுதுவது போதும்.

அறிகுறி: செத்துப்போன சட்டத்தின் மேல் வாதம் நிற்கிறது

*பழைய பிரிவு எண்கள்.* இந்திய தண்டனைச் சட்டம் என்று பார்த்ததும் சிவப்பு மையை எடுக்காதீர்கள். அதற்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்கும் சாட்சியச் சட்டத்துக்கும் பதிலாக வந்த புதிய மூன்று சட்டங்களும் நடைமுறைக்கு வந்தது 2024 ஜூலை 1-இல். அதற்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய சட்டமே பொருந்தும். கட்டுரை பேசும் சம்பவத்தின் தேதியைப் பாருங்கள். தேதி முன்னால் இருந்தால் எழுதியவர் சரி, நீங்கள்தான் அவசரப்பட்டீர்கள். பின்னால் இருந்தால் திருத்தச் சொல்லுங்கள்.

ஒரு பொறி மட்டும் நினைவிருக்கட்டும். பிரிவு 482 என்றால் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஐகோர்ட்டின் உள்ளார்ந்த அதிகாரம். அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தில் அதே 482 முன்ஜாமீன். உள்ளார்ந்த அதிகாரம் 528-க்குப் போய்விட்டது. சட்டப் பெயர் இல்லாமல் ‘482 மனு’ என்று மட்டும் எழுதியிருந்தால், எது என்று கேளுங்கள்.

*மேலே போய் மாறிய தீர்ப்பு.* சேலம்–சென்னை எட்டு வழிச்சாலை பற்றிய கட்டுரை என்றால் நான் முதலில் தேடுவது 2020 டிசம்பர் 8 என்ற தேதியை. ஐகோர்ட் 2019 ஏப்ரல் 8-இல் நில எடுப்பு அறிவிக்கையை ரத்து செய்தது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. தோட்டத்தில் கல் நட்டதைப் பிடுங்கிப் போட்டுப் பட்டாசு வெடித்த நாள் அல்லவா. சுப்ரீம் கோர்ட் அதை மாற்றியது பலருக்கு நினைவில் நிற்பதில்லை. ஜல்லிக்கட்டும் அப்படியே. அதைத் தடை செய்த 2014 நாகராஜா தீர்ப்போடு நிறுத்திவிடுவார்கள். 2017 தமிழ்நாடு திருத்தச் சட்டமும், அதைச் செல்லும் என்ற 2023 மே 18 அரசியல் சாசன அமர்வுத் தீர்ப்பும் கட்டுரையில் வராது. காங்கேயம் மாட்டைப் பற்றி உருக்கமாக இரண்டு பக்கம் மட்டும் இருக்கும்.

சோதனை சுலபம். இந்தியன் கானூன் தளத்தில் தீர்ப்பைத் திறந்து, அதை மேற்கோள் காட்டிய பிந்தைய தீர்ப்புகளின் பட்டியலைத் தேதி வாரியாகப் பாருங்கள். சட்டம் என்றால் இந்தியா கோட் தளத்தில் இப்போதைய வாசகத்தைப் பாருங்கள்.

*வெளிநாட்டுச் சட்டம்.* அமெரிக்க நிர்வாகச் சட்டத்தில், சட்டம் தெளிவில்லாத இடத்தில் அரசுத் துறை தரும் நியாயமான விளக்கத்தைக் கோர்ட் ஏற்க வேண்டும் என்ற ‘செவ்ரான்’ கோட்பாட்டை இன்னும் உயிரோடு இருப்பதாக எழுதுகிறார்கள். 2024 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதைக் கைவிட்டது. இப்படி ஒன்றிரண்டு உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ஆனால் கட்டுரையின் பாதி ஜெர்மன் சட்டத்திலோ பிரெஞ்சுச் சட்டத்திலோ நின்றால், “இந்தப் பகுதியை மதிப்பிட எனக்குத் தகுதியில்லை, வேறொருவரிடமும் காட்டுங்கள்” என்று எடிட்டருக்கு எழுதுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தெரியாமல் தலையாட்டுவதுதான் பின்னால் அசிங்கம்.

அறிகுறி: ஒற்றுமை அறிக்கை 38 சதவீதம் காட்டுகிறது

கட்டுரையில் எவ்வளவு பகுதி மற்றவர்கள் எழுத்தோடு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் தரும் கணக்கு இது. எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சட்டக் கட்டுரையில் பிரிவின் வாசகமும் தீர்ப்பின் பத்தியும் எழுத்துக்கு எழுத்து ஒத்துத்தான் போகும், போகவும் வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகளே உரிய முறையில் காட்டிய மேற்கோள், நூற்பட்டியல், சட்ட வாசகம் போன்றவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்கின்றன. அதையெல்லாம் கழித்த பிறகுதான் 10, 40, 60 சதவீதம் என்ற படிநிலைகள்.

அறிக்கையில் நிறம் போட்ட இடங்கள் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். இந்தியா கோட், தீர்ப்புத் தளங்கள் என்றால் விடுங்கள். ஆனால் ஒன்றரைப் பக்கத்துக்குத் தீர்ப்பை அப்படியே இறக்கியிருந்தால் அது திருட்டு இல்லையே தவிர சோம்பல். நாலு வரியாகச் சுருக்கச் சொல்லுங்கள். ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் சோத்கங்கா தளத்தில் உள்ள ஆய்வேடு என்றால் அது எழுதியவரின் சொந்த ஆய்வேடாகவே இருக்கலாம். பெயர் மறைத்த நிலையில் உங்களுக்கு அது தெரியாது, எடிட்டருக்குத் தெரியும். அவரிடம் விடுங்கள். இன்னொருவரின் கட்டுரையிலிருந்து வாதத்தின் நடுப்பகுதியே வந்திருந்தால், அதுவும் நேராக எடிட்டருக்கு.

அறிக்கை 4 சதவீதம் காட்டி, வாக்கியங்கள் விசித்திரமாக இருந்தால் கவனியுங்கள். ‘வாழ்வுரிமை’ என்று வரவேண்டிய இடத்தில் ‘உயிர் வாழும் சலுகை’ என்பது போல ஏதாவது இருக்கும். சொல்லைச் சொல்லாக மாற்றிப் போடும் மென்பொருளின் வேலை அது.

அறிகுறி: முழுதும் படித்தாயிற்று, என்ன சொல்ல வருகிறார் என்று தெரியவில்லை

இதுதான் தினசரிச் சீக்கு. மற்றவை எல்லாம் எப்போதாவது வருபவை.

ஒரு கட்டுரை. தோட்டத்துக்குள் எரிவாயுக் குழாய் பதிப்பது பற்றியது. இருபத்திரண்டு பக்கம். 1894 நில எடுப்புச் சட்டத்தில் தொடங்கி, 44-ஆவது அரசியல் சாசனத் திருத்தம், 300-ஏ பிரிவு, 2013 சட்டம் என்று நடந்து நடந்து வருகிறது. எல்லாம் சரி, ஒரு தவறில்லை. படிக்கிற எனக்குத்தான் தூக்கம். பதினாறாம் பக்கத்தில், ஒரு ஃபுட்நோட்டுக்குள், இரண்டு வரி: 1962 பெட்ரோலியம் மற்றும் கனிமக் குழாய்கள் சட்டத்தின் 9-ஆவது பிரிவு குழாய் போகும் நிலப் பட்டையில் மரம் வைக்கக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, கட்டடம் கட்டக் கூடாது என்கிறது. 10-ஆவது பிரிவோ நிலத்தின் சந்தை மதிப்பில் பத்து சதவீதத்தை இழப்பீடாகத் தருகிறது. மரமும் கிணறும் இல்லாமல் தென்னந்தோப்பு ஏது? அப்படியானால் இதை வெறும் ‘பயன்பாட்டு உரிமை’ என்று எப்படிச் சொல்வது?

நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். கட்டுரை இதுதான். மீதி இருபது பக்கமும் இதைச் சொல்லத் தயங்கியதால் வந்தவை.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது, சொல்ல வந்த விஷயம் எங்காவது புதைந்திருக்கிறதா என்று தோண்டுவது. பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று: நீளமான ஃபுட்நோட்டுகள், முடிவுரைக்கு முந்தைய பக்கம், ‘இருப்பினும்’ என்று தொடங்கும் பத்திகள். கிடைத்தால் “இதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள், வரலாற்றை மூன்று பக்கமாக்குங்கள்” என்று பக்க எண்ணோடு எழுதுங்கள். ‘வாதம் தெளிவாக இல்லை’ என்று மட்டும் எழுதினால் எழுதியவருக்கு வெசனம்தான் மிஞ்சும், திருத்த வழி தெரியாது.

தோண்டியும் இல்லையா? அப்போது பெரும்பாலும் அது ஆய்வேட்டின் ஒரு இயலை வெட்டி எடுத்து அனுப்பியதாக இருக்கும். ‘முந்தைய இயலில் கண்டவாறு’ என்று எங்காவது ஒரு வரி தப்பி நிற்கும். கட்டுரைக்கு ஒரு கேள்வி வேண்டும், அதை வைத்து மறுபடி கட்டச் சொல்லுங்கள். இது பெரிய திருத்தம்.

கேள்வியும் இருக்கிறது, விடையும் இருக்கிறது, ஆனால் அந்த விடையை ஏற்கெனவே நாலு பேர் சொல்லியாயிற்று. அந்த நாலு பேரில் குறைந்தது இரண்டு பேரின் கட்டுரைகளைக் குறிப்பிட்டு, இவற்றிலிருந்து உங்களுடையது எங்கே வேறுபடுகிறது என்று கேளுங்கள். அந்த இரண்டும் உங்கள் சொந்தக் கட்டுரைகளாக இருக்க வேண்டாம்.

எதுவும் தேறவில்லை என்றால் நிராகரிக்கச் சொல்வதில் தப்பில்லை. எட்டு மாதம் இழுத்தடித்து மூன்று முறை திருத்த வைத்து அப்புறம் வேண்டாம் என்பதைவிட அது மேல்.

அறிகுறி: விசைத்தறித் தொழிலாளர் அறுபது பேரிடம் கேட்டதாக ஒரு அட்டவணை

சட்டக் கட்டுரையில் கள ஆய்வு வருவது நல்ல விஷயம். பார்க்க வேண்டியது: அந்த அறுபது பேரை எப்படித் தேர்ந்தெடுத்தார், முதலாளி பக்கத்தில் நிற்கும்போது கேட்டாரா, கேள்வித்தாள் இணைப்பில் இருக்கிறதா, அவர்கள் சம்மதம் பெற்றாரா. பள்ளிபாளையத்தில் அறுபது பேர் சொன்னதை வைத்து ‘தமிழகத் தொழிலாளர்கள்’ என்று முடிவுரையில் எழுதியிருந்தால் சுருக்கச் சொல்லுங்கள். சதவீதத்தைத் தாண்டிப் புள்ளியியல் கணக்கு வந்தால் அது நம் வேலை இல்லை, புள்ளியியல் தெரிந்தவரிடம் காட்டும்படி எடிட்டரிடம் சொல்லுங்கள்.

அறிகுறி: எழுதியவர் யாரென்று தெரிந்துவிட்டது

இரு பக்கமும் பெயர் மறைத்த மதிப்பாய்வு என்பார்கள். கோயம்புத்தூர், ஈரோடு, சேலம், நாமக்கல் சட்ட வட்டாரத்தில் அது பேச்சுக்குத்தான். பாதிப் பேர் ஒரே கல்லூரி, மீதிப் பேர் ஏதோ ஒரு வழியில் ஒரம்பரை, அதாவது சொந்தம்.

ஃபைலின் விவரப் பகுதியில் பெயர் நிற்கிறது, அல்லது ‘என் முந்தைய கட்டுரையில்’ என்று எழுதியிருக்கிறார் என்றால் எடிட்டருக்கு ஒரு வரி சொல்லுங்கள், அவர் நீக்கிக்கொள்வார். உங்கள் பெயரும் இப்படிக் கசியும். வேர்டில் ஓரத்தில் போடும் குறிப்புகளில் உங்கள் பெயர் ஒட்டிக்கொண்டே போகும். அனுப்பும் முன் ‘இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட்’ ஒரு முறை ஓட்டுங்கள்.

நடையை வைத்து ஊகித்தீர்கள், ஆள் உங்களுக்குப் பழக்கம் மட்டும்தான் என்றால், எடிட்டரிடம் சொல்லிவிட்டு அவர் சரி என்றால் தொடரலாம். சொந்தக்காரர், வழிகாட்டி, கூட வேலை செய்பவர், மனஸ்தாபம் உள்ளவர் என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வக்கீல்களுக்கென்று தனியாக ஒன்று உண்டு. கட்டுரை பேசும் வழக்கிலோ அதன் மேல்முறையீட்டிலோ நீங்களோ உங்கள் சீனியரோ ஆஜராகியிருந்தால் தொடக்கூடாது. எழுதியவரே அந்த வழக்கில் ஆஜரானவர் என்று சந்தேகம் வந்தாலும், அதைக் கட்டுரையில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று எடிட்டருக்கு மட்டும் எழுதுங்கள்.

அறிகுறி: உங்கள் அறிக்கையையே எடிட்டர் திருப்பி அனுப்புகிறார்

எழுதியவர் பார்க்கும் பெட்டியில் ‘நிராகரிக்கலாம்’ என்று எழுதிவிட்டீர்களா? முடிவுக்கான பரிந்துரை எடிட்டர் மட்டும் பார்க்கும் பெட்டியில்தான் போக வேண்டும். இன்னொரு மதிப்பாய்வாளர் ஏற்கலாம் என்றிருந்தால் எடிட்டர் பாடு திண்டாட்டம்.

அறிக்கை மூன்று வரியா? முதல் பத்தியில் கட்டுரை என்ன சொல்கிறது என்று உங்கள் சொல்லில் எழுதுங்கள். அது எழுத வரவில்லை என்றால் இன்னொரு முறை படியுங்கள்.

ஆறு பக்கமா? காற்புள்ளித் திருத்தங்களை எடுத்துவிடுங்கள், அதற்கு வேறு ஆள் இருக்கிறார். எழுதியவரை ‘நீங்கள்’ என்று திட்டுகிற மாதிரி இருந்தால் ‘கட்டுரை’ என்று மாற்றிப் பாருங்கள், பாதிச் சூடு தணியும். நேரமில்லை என்று கட்டுரையைச் சாட்ஜிபிடியில் ஏற்றி அறிக்கை வாங்கினீர்களா? வெளிவராத ஒருவரின் எழுத்தை வெளியே கொடுத்துவிட்டீர்கள். எடிட்டரிடம் ஒப்புக்கொள்வதைத் தவிர இதற்கு வேறு வழி இல்லை.

நம் அம்மணி இரண்டு நாள் கழித்துத் திரும்பக் கூப்பிட்டார். “சார், பதினேழு சரிங்க. ஆனா இருபத்தி நாலுல கோர்ட் சொன்னதா எழுதியிருக்கறது, மேல ஏறிப் பார்த்தா சாயப்பட்டறைக்காரங்க வக்கீல் வாதமுங்க.”

“பக்கமும் பத்தியும் போட்டு எழுதிட்டியா?”

“எழுதிட்டனுங்க.”